நான் மண் எடுக்காத மூலை

பரிசோதனைக்கு மண் எடுக்கிற வேலைக்குப் புதிதாய் வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நீங்கள் எல்லோரும் என்னைவிடப் படித்தவர்கள். குழாயை எவ்வளவு ஆழம் இறக்குவது, மண்ணை எப்படி நிழலில் உலர்த்துவது, பையை எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் கை வைக்கவில்லை. பயிற்சியில் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. அது எனக்குத் தெரிய வந்த விதத்தைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். சொல்ல மனம் வரவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை கோயிலில் நின்று யோசித்துப் பார்த்தேன். சொல்லாமல் விட எனக்கு உரிமை இல்லை என்றுதான் பட்டது.

முதலில் கந்தளாயில் நடந்தது. அது சின்னக் கதை. ஆனால் அதிலிருந்துதான் மற்றது வந்தது.

நான் சேர்ந்த புதிதில் குளத்துக்குக் கீழே ஒருவருடைய வயலில் மண் எடுத்தேன். வயல் முழுக்க நடந்து பதினைந்து இடத்தில் எடுத்து, வாளியில் போட்டுக் கலந்து, அதில் ஒரு பங்கைப் பையில் அனுப்புவது முறை. வெயிலுக்குப் பயந்து அவசரப்பட்டேன். இரண்டு குழாய் மண் எருக் குவித்திருந்த மூலையில் எடுத்துவிட்டேன். ஆய்வுகூடத்தில் இருந்து இந்த வயலுக்குப் பசளை வேண்டியதில்லை என்று பதில் வந்தது. அந்த மனிதர் அதை நம்பிப் பசளை போடாமல் விட்டார். அந்தப் போகம் பயிர் மஞ்சளாகி, கதிரில் பாதி பதராய்ப் போயிற்று.

எங்கள் மேலதிகாரி அவருக்கு முன்னாலேயே என்னைப் பேசினார். "வரம்பு, மரத்தடி, எருக்கும்பி, சாம்பல் கொட்டின இடம், வீட்டு வாசல். இந்த அஞ்சையும் விடவேணும் எண்டு எத்தனை தரம் சொன்னனான்? காதில என்ன பஞ்சா வைச்சிருக்கிறீர்?"

வயல்காரர் பதர்க் கதிர் ஒன்றைப் பிடுங்கி என் கையில் தந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த ஐந்து இடத்தையும் பஞ்சாட்சரம் மாதிரி மனதில் இருத்திக்கொண்டேன். அதன் பிறகு ஏறக்குறைய இருபது வருசம் என் பையில் ஒரு பிழையும் வரவில்லை. மண் எடுக்கிறதென்றால் இவரை அனுப்புங்கோ என்று கேட்டு வாங்குவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

இனி மற்றது.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள் டொக்டர் அம்மா ஒருவர் எங்கள் கந்தோருக்குத் தானாகவே வந்தார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. நிலாவெளிப் பக்கம் கடற்கரையோடு ஒட்டின ஒரு வீட்டு வளவைப் பற்றிச் சொன்னார். அங்கே நாகராசா என்று ஒரு கடல்தொழிலாளி, பெண்சாதி பூரணம், நாலு வயதில் கமலி என்று ஒரு பெண்பிள்ளை, பிறகு ஒரு கைக்குழந்தை. கமலிக்குத்தான் உடம்பில் வருத்தம்.

"சாப்பிடுதில்லை, வயித்துக்குத்து, முகம் வெளிறிப்போச்சு. பூச்சி எண்டுதான் முதல் நினைச்சனான். இப்ப பல்லு முரசில ஒரு நீலக்கோடு தெரியுது. ஈயமோ எண்டு எனக்குச் சந்தேகம். தகப்பனைக் கேட்டன், ஈய வேலை ஏதும் செய்யிறனீங்களோ எண்டு. இல்லை அம்மா, நான் கடல் தொழில் எண்டார். ஆனா அந்த வளவு முந்தி வெள்ளைக்கார நேவியின்ர சாமான் போட்ட இடமாம். பழைய பெயின்ற் தகரம், பற்றறி எல்லாம் மண்ணுக்குள்ள தாட்டதாம். மண்ணில ஈயம் இருக்கோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. இருக்குதெண்டா பிள்ளையை உடனே அங்கயிருந்து எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவன். வெறும் சந்தேகத்தை வைச்சு அந்தச் சனத்தை அலைக்கழிக்க எனக்கு விருப்பமில்லை."

விளங்குகிறதா? அந்தப் பிள்ளையை அனுப்புவதா, வைத்திருப்பதா என்பது என் பையில் இருந்தது.

எங்கள் ஜீப்பை ஓட்டினது லத்தீப். கிண்ணியா ஆள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவன், வாய் சும்மா இராது. போகும் வழியெல்லாம் பகிடி. நாங்கள் போய் இறங்கியபோது நாகராசா கடலுக்குப் போயிருந்தான். பூரணம் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தா. கமலி கதவுநிலையில் சாய்ந்தபடி எங்களைப் பார்த்தது. ஜீப் வந்தால் ஓடிவந்து சில்லைத் தொடாத பிள்ளையை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"அண்ணா, வளவில எங்க வேணுமெண்டாலும் கிண்டுங்கோ. வைரவரடியில மட்டும் இரும்பு வைக்க வேண்டாம்" என்றா பூரணம். "அவர் பொல்லாதவர். குடும்பத்தைக் காக்கிறவரும் அவர்தான்."

"அதை எனக்குச் சொல்லவேணுமே தங்கச்சி" என்றேன்.

வடகிழக்கு மூலையில் ஒரு வேம்பு. அதன் அடியில் ஒரு கல்லும் சூலமும். பக்கத்தில் மூன்று அடுப்புக்கல், சாம்பல், சரித்து வைத்த ஒரு இரும்புத் தாச்சிச் சட்டி. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கும்பிட்டேன். பிறகு வளவு முழுக்க நடந்து பன்னிரண்டு இடத்தில் எடுத்தேன். நேவிக்காரர் தாட்ட இடம் என்று சொன்ன பள்ளத்தில் மட்டும் நாலு. அந்த மூலையை விட்டேன்.

வாளியைத் தூக்கும்போது லத்தீப் சொன்னான்: "அண்ணே, மரத்தடியை விட்டுட்டீங்க."

"அது வைரவர்."

"வைரவர் எண்டு தெரியும். நான் கிட்டப் போகல்ல, தூர நிண்டுதான் பார்த்த. அந்தத் தாச்சியப் பாருங்க. பொங்குற சட்டி இல்ல அது. அடியில ஈயம் ஒட்டி இரிக்கி. எங்கட வாப்பாவும் வலைக்குக் குண்டு வார்க்கிறவர், எனக்குத் தெரியாதா?"

வலையின் அடிப்பக்கம் தாழ்வதற்குக் கட்டுகிற ஈயக்குண்டைத்தான் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது சரியாய் இருக்குமோ என்று ஒரு எண்ணம் வந்தபடியால்தான் கோபம் வந்தது என்று இப்போது தெரிகிறது.

"மரத்தடியும் சாம்பல் கொட்டின இடமும் எடுக்கக் கூடாத இடம். அது சட்டம். உமக்கு என்ன தெரியும்?"

"சட்டமா அண்ணே, சாமியா?"

"நீர் போய் வாகனத்தைப் பாரும்."

"வாகனம் எங்கயும் ஓடாது, அதுக்கு நான் வேணும்" என்று சிரித்துக்கொண்டு போனான். நான் சாமிக்குப் பயந்தேன், சட்டத்தைச் சாட்டினேன். அதுதான் உண்மை.

மூன்று கிழமையில் ஆய்வுகூடத்துக் கடிதம் வந்தது. ஈயம் கொஞ்சம் இருக்கிறது, பயப்படும் அளவுக்கு இல்லை என்று. டொக்டர் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தா. பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டா: "வளவு முழுக்க எடுத்தனீங்களா?"

"ஓம்" என்றேன்.

ஒரே ஒரு சொல். யோசித்துச் சொன்னதும் இல்லை. இருபது வருசம் பிழை விடாதவன் சொல்கிற ஓம் அது. அந்த அம்மாவுக்குப் பின்னால் வரிசையாய் நோயாளிகள் நின்றார்கள். "ஒரு மூலை விட்டனான் அம்மா, அங்கே தாச்சி ஒன்று இருந்தது" என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

"அப்ப ஈயம் இல்லை. நான் தான் வீணாய் யோசிச்சிட்டன்" என்று பூச்சி மருந்தும் சத்து மருந்தும் எழுதினா.

நல்ல செய்தியை நானே கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டு அந்த வீட்டுக்குப் போனேன். அன்று நாகராசாவும் இருந்தான். மண்ணில் பிழையில்லை என்றதும் பூரணம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதா. சந்தோசத்தில்.

"உங்கட வாயால நல்ல சொல் வந்தது அண்ணா. உங்கட கையால பிள்ளைக்கு நீறு போட்டு விடுங்கோ."

வைரவரடியில் இருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கொண்டுவந்து என் கையில் தந்தா. நீறு நிறைய இருந்தது. கையில் வாங்கியதும் கனத்தது. இலேசாய் மஞ்சள் பூத்திருந்தது.

"மற்ற நீறு மாதிரி இல்லை, பாருங்கோ. வைரவர் அடுப்புச் சாம்பலை அரிச்சு எடுக்கிறது" என்றான் நாகராசா. "புது வலை கட்டினால் குண்டை அவருக்கு முன்னாலதான் வார்க்கிறது. முதல் குண்டு அவருக்கு. என்ர அப்பாவின்ர காலத்தில இருந்து வாற வழக்கம்."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இதைக் கேட்டுக்கொண்டு நான் நின்றேன். டொக்டர் அம்மா ஈய வேலை செய்கிறீர்களா என்று கேட்டபோது அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அது வேலை இல்லை, வழிபாடு. எனக்கும் அது வழிபாடாகத்தான் காதில் விழுந்தது. கனமான நீறு, மஞ்சள் பூத்த நீறு, சக்தியுள்ள நீறு என்றுதான் நினைத்தேன். கமலியைக் கூப்பிட்டு, நெற்றியில் பூசி, ஒரு துளி நாக்கிலும் வைத்தேன்.

அந்தப் பிள்ளை அப்போதுதான் சிரித்தது. "இன்னும்" என்று வாயைத் திறந்தது.

"சோறு எண்டா ஓடுவாள், நீறு எண்டா வாய் திறப்பாள். இனிக்குதாம்" என்றா பூரணம். "வருத்தம் வந்தபிறகு காலையும் பின்னேரமும் குடுக்கிறனான்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இன்னும் ஒரு துளி வைத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மத்தியானம் கமலிக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டது.

செத்தவீட்டுக்கு லத்தீப்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். வழியில் ஒரு பகிடி இல்லை. பிள்ளையை வெள்ளைச் சீலையில் கிடத்தியிருந்தார்கள். நாகராசா என்னைக் கண்டதும் எழும்பிப் போய் அந்தச் சிரட்டையை எடுத்து வந்து என் கையில் தந்தான். "நீங்கள் போடுங்கோ அண்ணா. அண்டைக்கு உங்களிட்டத்தான் சிரிச்சவள்."

கையில் வாங்கினேன். அன்றைக்குத்தான் கை விளங்கிக்கொண்டது. ஒரு சிரட்டை சாம்பல் எவ்வளவு கனக்கும் என்று இருபது வருசம் மண்ணும் சாம்பலும் தூக்கின கைக்குத் தெரியாதா? முந்தின தரமும் அதே கைதான். முந்தின தரம் நான் கையை நம்பவில்லை.

திரும்பிப் பார்த்தேன். லத்தீப் பந்தலுக்கு வெளியே நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னேனே என்று அவன் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் ஒருநாளும் சொல்லவில்லை. அந்தச் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, என் மடியில் இருந்த கோயில் நீறை எடுத்துப் பிள்ளைக்குப் பூசினேன். சிரட்டையில் ஒரு பிடியைச் சால்வைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் நாகராசாவிடம் கேட்டு வேம்படியில் குழாயை இறக்கினேன். இரும்புக் குழாய்தான். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவன் இல்லை.

அந்த மண்ணையும் முடிந்து வைத்த நீறையும் தனித்தனியாய் அனுப்பினேன். ஆய்வுகூடத்தில் இருந்து இந்தத் தரம் கெதியாய்ப் பதில் வந்தது. இவ்வளவு ஈயம் இருக்கிறதே, நீங்கள் அனுப்பினது மண்தானா, வேறு ஏதுமா என்று கேட்டிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் டொக்டர் அம்மாவுக்கு முன்னால் வைத்தேன். நான் சொன்ன ஓம் பொய் என்றும் சொன்னேன். ஏசுவா என்று நினைத்தேன். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும்.

"இல்லை, ஒரு மூலை விட்டனான் எண்டு அண்டைக்குச் சொல்லியிருந்தா, அந்த மூலையில என்ன இருக்குதெண்டு நான் கேட்டிருப்பன்" என்றா. அவ்வளவுதான். கடிதத்தை மடித்து என்னிடம் தந்தா. பிறகு, "அங்க கைக்குழந்தை ஒண்டு இருக்கெல்லே" என்றா. "ஆர் போய்ச் சொல்லுறது? நான் வரட்டோ?"

"நான் தான் போகவேணும் அம்மா."

போகிற வழியில் சொல்லாமல் விடலாமா என்றும் நினைத்தேன். சிரட்டையை எடுத்துக் கொட்டிவிட்டு, வைரவர் இடம் மாறச் சொல்கிறார் என்று சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் நம்புவார்கள். அவர்களுக்கும் நோகாது, எனக்கும் நோகாது. லத்தீப்பிடம் கேட்டேன். அவன் ரோட்டைப் பார்த்தபடி சொன்னான்: "அடுத்த வலை கட்டும்போது திரும்ப வார்ப்பானே அண்ணே."

அதற்குப் பிறகு வேறு வழி இல்லை.

இருவரையும் இருத்திவைத்துச் சொன்னேன். தாச்சியில் ஈயம் உருகும்போது மேலே படர்கிற ஆடையை வழித்துச் சாம்பலில் எறிவது, அந்தச் சாம்பலை அரிப்பது, எல்லாம். நாகராசா எழும்பி வேம்படிக்குப் போய் நின்றான். பூரணம் அழவில்லை. குழந்தையின் நெற்றியில் இருந்த நீறை முந்தானையால் துடைத்தா. திரும்பத் திரும்பத் துடைத்தா. பிள்ளையின் நெற்றி சிவந்துபோயிற்று.

"அப்ப நான்தானே குடுத்தனான்" என்றா.

"நானும் குடுத்தனான் தங்கச்சி. அந்த மூலையில மண் எடுக்காமல் விட்டதும் நான்தான்."

"நீங்கள் ஒருநாள் குடுத்தனீங்கள் அண்ணா. நான் ஒவ்வொரு நாளும் குடுத்தனான்."

டொக்டர் அம்மா சொன்னபடி கைக்குழந்தையைக் கொழும்புக்கு அனுப்பினோம். அது தப்பியது. பையன், இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நாகராசாவும் லத்தீப்பும் நானுமாய் அந்த மூலை மண்ணைத் தோண்டி எடுத்தோம். சூலத்தை நாகராசா தானே பிடுங்கிக் கழுவி மற்றப் பக்கத்தில் நட்டான். நட்டுவிட்டு என்னிடம் சொன்னான்: "ஏன் என்ர பிள்ளையை எடுத்தனி எண்டு இவ்வளவு நாளும் அவரைக் கேட்டு ஏசினனான். அவர் எடுக்கேல்லை."

பிறகு குனிந்து அந்தக் கல்லைக் கும்பிட்டான்.

இதன் பிறகு நான் மண் எடுத்த விதம் மாறிவிட்டது. லிங்கநகரில் ஒரு வீட்டில் கீரைப் பாத்திக்கு மண் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முன்னே இந்த இடத்தில் யார் இருந்தது, என்ன செய்தார்கள், அடுப்பு எங்கே, குப்பை எங்கே என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நீர் மண் எடுக்க வந்தனீரோ, என்ர வீட்டுக் கதை எடுக்க வந்தனீரோ? கல்யாணம் பேசவே வந்தனீர்?"

"கதையும் வேணும் அம்மா" என்றேன். கடைசியில் பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் சொன்னார்: முந்தி இருந்தவர் பற்றறி திருத்துகிறவராம், ஈயத் தகடுகளை உடைத்துக் கொட்டினது அந்தக் கீரைப் பாத்தி இருக்கிற இடத்தில்தானாம். அந்த அம்மா கீரை முழுவதையும் வேரோடு பிடுங்கி எறிந்தா. எனக்குத் தேத்தண்ணி தந்தா.

வயலுக்கு ஒரு சட்டம், வளவுக்கு ஒரு சட்டம். பசளைக்கு மண் பார்க்கும்போது அந்த ஐந்து இடத்தையும் விடுங்கோ. நஞ்சு பார்க்கும்போது அந்த ஐந்து இடத்துக்கும்தான் முதலில் போகவேணும்; மற்ற மண்ணோடு கலக்காமல் தனிப் பையில் போடவேணும். மனிசர் எங்கே குந்தியிருந்து நெருப்பு மூட்டினார்களோ, எங்கே கொட்டினார்களோ, எங்கே கும்பிட்டார்களோ, அங்கேதான் அவர்களின் கையில் இருந்தது மண்ணுக்குப் போயிருக்கும். சாமி உள்ள இடமென்றால் செருப்பைக் கழற்றுங்கோ, கும்பிடுங்கோ, அனுமதி கேளுங்கோ. கேட்டுவிட்டு எடுங்கோ. சாமி அந்த மூலையை மறைக்கவில்லை. சாமியைச் சாட்டி நான் மறைத்தேன்.

இன்னொன்று. உங்களுக்குத் தருகிற, பையில் கட்டுகிற துண்டில் மண் எடுத்த இடம் எழுத ஒரு வரி இருக்கிறது. எடுக்காமல் விட்ட இடம் எழுத வரி இல்லை. ஓய்வு பெறும்வரை நான் ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு அதை எழுதினேன். ஆய்வுகூடத்தில் சிரித்திருப்பார்கள், சிரிக்கட்டும். நீங்களும் அந்தக் கோட்டைப் போடுங்கோ. யாராவது முழுக்க எடுத்தனீங்களா என்று கேட்டால், ஓம் சொல்வதற்கு முதல் துண்டைத் திருப்பிப் பாருங்கோ.

நான் இன்றைக்கும் காலையில் குளித்து நீறு பூசாமல் தேத்தண்ணி குடிப்பதில்லை. பேரப்பிள்ளைகள் வந்து நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். நீறை எடுத்து முதலில் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நிற்பேன். என்ன அப்பப்பா, மந்திரம் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். ஓம் என்பேன்.

கனம் பார்க்கிறேன்.